இரட்டை எழுத்து நாணயமா? முதலில் லென்ஸில் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எழுத்து இரண்டாகத் தெரிகிற நாணயம் கையில் கிடைத்தால் லட்சக்கணக்கில் விலை போகும் என்று செல்போன் வீடியோக்களில் சொல்லச் சொல்ல, எங்கள் தெருவில் ஆளாளுக்கு உண்டியலை உடைத்துப் பார்க்கிறார்கள். நான் பல வருடமாக நாணயம் சேர்ப்பவன் என்பதால் நேரே என்னிடம்தான் வருவார்கள். போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா ஒரு 5 ரூபாய் நாணயத்தோடு வந்தார். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் ஆண்டு எண்ணின் ஓரத்தில் படிக்கட்டு மாதிரி தட்டையாக ஒரு விளிம்பு, அவ்வளவுதான். ஆனால் அதற்குள் யாரோ ஒருவனுக்குப் 'பதிவுக் கட்டணம்' என்று 1,500 ரூபாய் அனுப்பிவிட்டார். அந்த ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நிஜமாகவே விலை போகிற இரட்டிப்பு எது என்று தெரிய வேண்டுமானால் அமெரிக்காவின் 1955ஆம் ஆண்டு லிங்கன் ஒரு சென்ட் நாணயத்தைப் பார்க்க வேண்டும், பிலடெல்பியா நாணயச்சாலையில் அடித்தது. நாணயத்தை அடிக்கிற அச்சில் உருவம் குழிவாக இருக்கும், அந்தக் குழியை உண்டாக்குவது மேடான உருவம் கொண்ட தாய் அச்சு. அந்தக் காலத்தில் ஒரே அழுத்தத்தில் உருவம் முழுதாக இறங்காது. அழுத்தியதும் எஃகு இறுகிவிடும், அதை எடுத்துச் சூடாக்கி இளக்கி மறுபடியும் தாய் அச்சின் கீழ் வைத்து அழுத்துவார்கள். அப்படி இரண்டாம் முறை வைத்தபோது கொஞ்சம் திரும்பிவிட்டது. அதனால் ஓரத்தில் இருக்கிற ஆண்டும் எழுத்துகளும் வெறும் கண்ணுக்கே இரண்டிரண்டாகத் தெரிகின்றன, நடுவில் இருக்கிற லிங்கன் முகத்தில் மட்டும் பெரிதாக ஒன்றும் தெரியாது. சக்கரம் திரும்பும்போது விளிம்பு நகர்கிற அளவுக்கு நடுப்பகுதி நகராது இல்லையா, அதே கணக்குதான். தவறு தெரியவந்தபோது அவை நல்ல காசுகளோடு கலந்துபோயிருந்தன, மொத்தத்தையும் உருக்க மனமில்லாமல் வெளியே விட்டுவிட்டார்கள். சுமார் 20,000 முதல் 24,000 வரை வெளியே போயிருக்கும் என்பது கணக்கு. புழக்கத்தில் தேய்ந்த காசே இன்று ஆயிரம் டாலரைத் தாண்டுகிறது.

அக்காவின் நாணயத்தில் இருந்தது வேறு. அச்சில் ஒரு குறையும் இல்லை, இயந்திரத்தில் அது சரியாக இறுகாமல் ஆடியிருக்கிறது. அடித்த அந்தக் கணத்தில் அச்சு லேசாக நகர்ந்து, அப்போதுதான் எழும்பிய எழுத்தின் ஓரத்தைத் தேய்த்துத் தள்ளிவிடும். அதனால் எழுத்து ஒல்லியாகி, பக்கத்தில் தட்டையாக ஒரு படி நிற்கும். அச்சிலேயே இரட்டித்ததென்றால் எழுத்து ஒல்லியாகாது, தடிக்கும், இரண்டு உருவமும் நன்றாக மேடாக இருக்கும், எழுத்தின் முனையில் சின்னதாக ஒரு பிளவு தெரியும். அப்புறம் அந்த அச்சில் அடித்த எல்லாக் காசிலும் அதே இரட்டிப்பு அச்சு அசலாக இருக்கும். இயந்திர ஆட்டத்தால் வந்ததை வாங்க சேகரிப்பவர்கள் பொதுவாகக் கூடுதல் விலை தருவதில்லை.

பழைய நாணயம், நோட்டு வாங்கி விற்கிற வேலையில் தனக்குச் சம்பந்தமில்லை, அதற்குக் கட்டணமோ கமிஷனோ கேட்பதும் இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. அப்படியும் அதன் பெயரைச் சொல்லிப் பணம் கேட்டால் தயவுசெய்து அனுப்பாதீர்கள். முன்பணம் கேட்டாலே போனை வைத்துவிடுங்கள்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். 'பழைய காசுக்கு லட்சம்' என்ற மாதிரிச் செய்தி அடுத்த முறை வந்தால், இந்த இரண்டு வகை நாணயத்தின் படத்தையும் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
நாணயம் சேர்க்கும் வாசகர் ஒருவர்,
திருச்சி