இருக்கிற காசை இல்லை என்று காட்டுவது

பாளையங்கோட்டை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. அண்ணனுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மூச்சு வந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து தெருவையே அதிகாரம் பண்ணுகிறார் என்று எழுதியிருந்தாய். பண்ணட்டும். சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடு, கண்ணைக் கசக்கவிடாதே. சின்னவள் ஓசூருக்கு மாற்றலாகிப் போகிறாள் என்றால் நல்ல கம்பளியாக ஒன்று வாங்கிக் கொடுத்து அனுப்பு. தூத்துக்குடி வெயிலில் வளர்ந்த பிள்ளை, மார்கழியில் அங்கே நடுங்கிப் போவாள்.

இங்கே எல்லாம் வழக்கம்போலத்தான். மதினிக்கு மூட்டுவலி கொஞ்சம் தேவலை. மாடிப் போர்ஷன் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. வீடு கேட்டு வருகிறவர்கள் எல்லாருக்கும் கார் நிறுத்த இடம் வேண்டுமாம்.

அப்புறம், "வாட்ஸ்அப் படத்தில் வெள்ளி ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு என்னடி போஸ், வட்டிக்கடை வைக்கப் போகிறாயா?" என்று கேட்டிருந்தாயே. வட்டிக்கடை இல்லை. வித்தை கற்றுக்கொள்கிறேன். காசு வித்தை. யூடியூபைப் பார்த்து. சிரித்து முடித்துவிட்டாயா? சரி, மேலே படி.

ஆயுசெல்லாம் கேஷ் கவுன்ட்டரில் உட்கார்ந்து, இருக்கிற காசு இருக்கிறது என்று ஊருக்குக் காட்டியே காலம் போய்விட்டது. இப்போது இருக்கிற காசை இல்லை என்று காட்டப் பழகுகிறேன். கை கேட்கமாட்டேன் என்கிறது. காசு உள்ளே வந்ததும் விரல்கள் தானாக விரிந்து, "இதோ பாருங்கள், சரியாக இருக்கிறதா" என்கின்றன. அந்தப் பழக்கத்தை அடக்குவதற்கே நாள் பிடித்தது.

முதல் தகராறு காசிலேயே வந்தது. வீடியோவில் சொல்லித் தருகிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்கள். அவர்கள் கையில் இருப்பது அரை டாலர். 30.6 மில்லிமீட்டர் அகலம், 11.34 கிராம் எடை. நம்மூரில் 2011-இல் வந்த இரண்டு ரூபாய்க் காசு 25 மில்லிமீட்டர்தான், ஐந்து கிராம்கூட இல்லை. கைக்குள் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்றே தெரியாது. பத்து ரூபாய்க் காசு பரவாயில்லை. 27 மில்லிமீட்டர், எட்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு. கடைக்காரர்கள் அதை வாங்க மறுத்த காலம் நினைவிருக்கிறதா? பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று 2018-இல் ரிசர்வ் வங்கியே அறிக்கை விட்டது. அதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியதுதான் மிச்சம். அன்று அதற்காக வாதாடினேன், இன்று அது எனக்கு உதவுகிறது.

ஆனால் சரியான காசு பூஜை அறையில் இருந்தது. அம்மா லட்சுமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தார்களே, ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாய், அதுதான். நாட்டு மருந்துக் கடையில் "ஒரு ரூபாய் எடை" என்பார்களே, அது இந்த எடைதான். ஒரு தோலா, 11.66 கிராம். அகலமும் முப்பது மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. அரை டாலருக்கு அப்படியே மாற்று! விளிம்பில் வரிவரியாக வெட்டு இருப்பதால் உள்ளங்கைச் சதையில் நன்றாகக் கவ்விக்கொள்கிறது. மதினிக்குத்தான் பொறுக்கவில்லை. "மகாலட்சுமியை வைத்து மோடி மஸ்தான் வேலையா பார்க்கிறாய்?" என்று ஒரு பிடி பிடித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதற்குள் காசு படத்துக்கு முன்னால் திரும்பிவிட வேண்டும் என்று இப்போது ஒப்பந்தம்.

காசைக் கைக்குள் ஒளித்துப் பிடிப்பதைப் "பாம்" என்கிறார்கள். அதில் பல வகை. எல்லாரும் ஆசைப்படுவது கிளாசிக் பாம். கட்டைவிரல் அடிச்சதைக்கும் எதிர்ப்புறச் சதைக்கும் நடுவில் காசு உட்கார்ந்திருக்க, விரல்கள் சும்மா தொங்கும். பார்க்க அழகு, ஆனால் படிய மாதக்கணக்காகும். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு உட்கார்ந்தால் அன்றைக்குக் காசு நிற்கவே நிற்காது. என்னைக் கேட்டால் ஃபிங்கர் பாமில்தான் தொடங்க வேண்டும். நடுவிரலும் மோதிர விரலும் உள்ளங்கையில் சேருகிற இடத்தில் காசைப் படுக்கவைத்து விரலை லேசாக மடக்கினால் போதும். சும்மா நிற்கும்போது யாருடைய கையும் அப்படித்தானே மடங்கியிருக்கிறது? விழுந்தால் உருண்டு பீரோவுக்கு அடியில் போய்விடாமல் இருக்கக் கட்டிலில் உட்கார்ந்துதான் பழகுகிறேன்.

இனி உன்னிடம் ஒரு தொழில் ரகசியத்தைப் போட்டு உடைக்கிறேன். வித்தைக்காரர்கள் கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும். இந்தக் கலையில் எல்லாரும் ஆரம்பத்திலேயே கற்கிற ஃபிரெஞ்ச் டிராப் என்ற அசைவு இது. இடக்கைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல் நுனிகளுக்கும் நடுவே, காசின் முகம் மேலே பார்க்க அதைப் பிடித்துக்கொள். வலக்கை வந்து, கட்டைவிரலைக் காசுக்கு அடியிலும் மற்ற விரல்களைக் காசுக்கு முன்னாலும் கொண்டுபோய், எடுப்பதுபோல மூடும். மூடுகிற அந்தக் கணத்தில் காசு இடக்கைக்குள்ளேயே விழுந்துவிடும். வெறும் வலக்கை, காசை எடுத்த கைபோல நகர்ந்து போகும். அவ்வளவுதான். பத்து வயதுப் பிள்ளைகூட அரைமணி நேரத்தில் செய்துவிடும். ஆனால் ஒருவரும் ஏமாறமாட்டார்கள்.

ஏன் தெரியுமா? காசு இருக்கிற கை விறைத்துப் போகும். திருட்டுக் கை அல்லவா, அசையாமல் நிற்கும். வலக்கை இல்லாத காசை இறுக்கிப் பிடிக்கும். வீடியோக்களில் நூற்றில் தொண்ணூறு விரல் எங்கே, காசு எங்கே என்பதோடு முடிந்துவிடுகின்றன. ஒரே ஒருவர்தான், வயதான மனிதர், வேறு மாதிரி சொன்னார். முதலில் காசை நிஜமாகவே எடு என்றார். கண்ணாடி முன்னால் நின்று, பேசிக்கொண்டே, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு நிஜமாகவே எடு. எடுக்கும்போது உன் தோள் என்ன செய்கிறது, கொடுத்துவிட்ட கை எவ்வளவு சீக்கிரம் தளர்ந்து கீழே போகிறது, கண் எங்கே போகிறது என்றெல்லாம் பார். அதற்கப்புறம் எடுக்காமல் அதையே செய். அவர் பேச்சைக் கேட்டு அப்படியே செய்தேன். நிஜமாக எடுக்கும்போது இடக்கையை நான் கவனிப்பதே இல்லை. அது எனக்கே புதிய செய்தி. எண்ணிக் கொடுத்த பணத்தைக் கண் பின்தொடருமே தவிர, கொடுத்த கையை யார் பார்க்கிறார்கள்?

கண்ணைப் பற்றி இன்னொன்று. ஸ்காட்லாந்தில் ஏர் என்ற ஊரில் ஜான் ராம்சே என்று ஒருவர் இருந்தார். 1877-இல் பிறந்து 1962-இல் மறைந்தவர். தொழில் மளிகைக்கடை. காசு வித்தையில் பெரிய வித்தகர்களையே ஏமாற்றியவர். பார்க்கிறவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் நீ அதைப் பார், அவர்கள் உன்னைப் பார்க்க வேண்டுமானால் நீ அவர்களைப் பார் என்பது அவர் பெயரில் வழங்குகிற பாடம். 2006-இல் இங்கிலாந்தில் குஸ்தாவ் கூன், மைக்கேல் லேண்ட் என்ற இரண்டு பேர் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பந்தை மேலே எறிவதுபோலப் பாவனை, பந்து கையிலேயே இருக்கும். வித்தைக்காரரின் பார்வையும் கூடவே மேலே போனபோது, பார்த்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் பந்து மேலே போய் மறைந்ததைக் கண்ணால் கண்டதாகவே சொன்னார்கள். பார்வை கையிலேயே நின்றபோது அது மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. கை செய்தது இரண்டு தடவையும் ஒன்றுதான்!

ஆகவே நான் இப்போது பயிற்சி எடுப்பது விரலுக்கு அல்ல, கழுத்துக்கும் கண்ணுக்கும்தான். காசு இருக்கிற கையை ஓரக்கண்ணால்கூடப் பார்க்கக்கூடாது. கேஷியருக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது, போ.

வீடியோவில் எனக்குப் பிடித்த வசதி வேகத்தைக் குறைப்பது. கால் வேகத்தில் ஓடவிட்டால் ஒவ்வொரு விரலையும் பார்க்கலாம். ஆனால் அங்கே வித்தையே செத்துப்போகிறது. இதுவும் புதிதல்ல. புத்திக்கூர்மைச் சோதனைக்குப் பெயர்போன பிரெஞ்சுக்காரர் ஆல்ஃபிரெட் பினே, 1894 வாக்கிலேயே வித்தைக்காரர்களின் கையசைவைத் தொடர் படங்களாக எடுக்க வைத்துப் பார்த்தார். படங்களை வரிசையாக வைத்தால் மாயம் ஒன்றும் மிஞ்சவில்லை. அதனால் மெதுவாகப் பார்த்துக் கையைப் படியவைத்துக்கொண்டு, தாளத்துக்கு மட்டும் முழு வேகத்துக்குத் திரும்பிவிடுகிறேன்.

வீடியோ சொல்லித் தராத விஷயம் ஒன்று இருக்கிறது, அதுதான் எனக்குப் பெரிய குறை. கேமராவுக்கு ஒரு கண்தான். நேரே எதிரில் இருந்து பார்க்கும், அதற்கு ஏற்றாற்போல நாமும் கையைத் திருப்பிக்கொள்ளலாம். நம் வீட்டில் அப்படியா உட்காருகிறார்கள்? பக்கத்து வீட்டுச் சின்னப் பையன் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறான். நான் நாற்காலியில் இருந்தால் என் உள்ளங்கை முழுக்க அவனுக்குத் தெரிகிறது. "பாட்டி, காசு அந்தக் கையிலேதான் இருக்கு" என்கிறான், ஒரு மரியாதைக்குக்கூடத் தயங்கவில்லை. இப்போது நானும் தரையில்தான் உட்காருகிறேன்.

அப்புறம் பாக்கெட். எல்லா வீடியோவும் கடைசியில், "காசை நைசாகக் கோட்டுப் பாக்கெட்டில் போட்டுவிடுங்கள்" என்று முடிகிறது. புடவைக்கு ஏது பாக்கெட்? இடுப்பில் செருகினால் ஊரே பார்க்கும். மோதிரத்தில் காசு பட்டால் 'டிங்' என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. அதனால் மோதிரத்தைக் கழற்றிவைத்தாயிற்று. வளையலைக் கழற்ற மதினி விடமாட்டாள். ஆனால் பாக்கெட்டுக்கு ஒரு மாற்று கிடைத்தது. இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் பேர் வாங்கிய டோனி ஸ்லைடினி என்பவர், மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, காசை மடியில் நழுவவிட்டுவிடுவதில் மன்னர். பேன்ட் போட்டவர்களுக்கு இரண்டு காலுக்கும் இடையே விழுந்துவிடுமோ என்ற பயம். நமக்கு அந்தப் பயமே இல்லை! சம்மணம் போட்டு உட்கார்ந்தால் புடவை மடி முறத்தைப்போல விரிந்து கிடக்கிறது. எந்தக் காசும் சத்தமில்லாமல் விழுந்து நின்றுகொள்ளும்.

யோசித்துப் பார்த்தால் நம் தெரு வித்தைக்காரர்களும் இதையேதான் செய்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், பாதியில் போனால் ரத்தம் கக்குவாய் என்று மிரட்டுவானே ஒருவன், நீ என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாயே. கோட்டும் இல்லை, மேஜையும் இல்லை. தரையில் குந்தி, கிண்ணத்தையும் பந்தையும் வைத்துச் செப்படி வித்தை செய்வான். நாலு பக்கமும் ஆள், எதிரே குட்டைப் பிள்ளைகள். எப்படிச் சமாளித்தான் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. வாய் ஓயாமல் பேசினான் என்பது மட்டும் நினைவிருக்கிறது. அந்தப் பேச்சு பொழுதுபோக்குக்கு அல்ல என்று இப்போது புரிகிறது. கேள்வி கேட்டால் நாம் அவன் முகத்தைப் பார்ப்போம், கைக்கு அந்த ஒரு நொடி போதும்.

கருவி விற்கிற வீடியோக்களிடம் ஜாக்கிரதையாக இருக்கிறேன். காசைக் குடைந்து ஓடாக்குவது, வெட்டி மடிப்பது என்று ஏதேதோ விற்கிறார்கள். 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டம் காசை உருக்குவதையும் அழிப்பதையும் தடை செய்கிறது என்பதை நீ மறந்தாலும் நான் மறப்பேனா? அது போகட்டும், அதெல்லாம் தேவையும் இல்லை. "காசுகளின் ராஜா" என்று பட்டம் வாங்கிய நெல்சன் டௌன்ஸ், அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் ரயில்வே தந்தி அடிக்கிற வேலையில் இருந்தவர். வேலை இல்லாத நேரத்தில் காசை வைத்துத் தானாகப் பழகி, 1899-இல் லண்டன் மேடை வரை போய், காற்றிலிருந்து காசு காசாகப் பறித்துத் தொப்பியில் போட்டார். தந்திக்காரர் ஒருவர், மளிகைக்கடைக்காரர் ஒருவர். வங்கிக் கேஷியர் ஒருத்தி சேர்ந்தால் என்ன குறைந்துவிடும்?

உனக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். அடுத்து நான் கற்கப் போகும் வித்தைக்கு ஒரே அளவில் நாலு காசு வேண்டும். ஒரு கையிலிருந்து மறுகைக்கு ஒவ்வொன்றாகப் போவதுபோலக் காட்டுவது. அதன் ரகசியத்தை மட்டும் உனக்குச் சொல்லமாட்டேன், உன்னை வைத்துத்தான் முதலில் செய்து பார்க்கப் போகிறேன். உன் மாமியார் பெட்டியில் ஜார்ஜ் ரூபாய் கொஞ்சம் கிடந்ததாகச் சொன்ன ஞாபகம். தேய்ந்துபோனது வேண்டாம், விளிம்பு வெட்டு நன்றாக இருக்கிறதாக மூன்று பார்த்து எடுத்து வை. தை பிறந்ததும் வந்து வாங்கிக்கொள்கிறேன். தபாலில் அனுப்பாதே. மதினி கையில் சிக்கினால் அதுவும் நேரே லட்சுமி படத்துக்கு முன்னால் போய்விடும்.

அன்புடன்,
சாந்தா