பத்து நிமிடம் கைடு வெளியே இருக்கட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அறிவியல் ஆய்வு மாணவர்கள் பிஎச்.டி.யைப் பாதியில் விட்டுவிடுவது பற்றிய உங்கள் தலையங்கத்தைப் படித்தேன். உதவித்தொகை, வேலை என்று பலவற்றைத் தொட்டிருந்தீர்கள். ஆய்வின் முன்னேற்றத்தைப் பார்க்கும் டி.சி. (டாக்டரல் கமிட்டி) மீட்டிங் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிமுறைப்படி ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆய்வு ஆலோசனைக் குழு உண்டு. அதைத்தான் எங்கள் பக்கம் டாக்டரல் கமிட்டி என்போம். பருவத்துக்கு ஒருமுறை மாணவர் அதன்முன் தன் வேலையை விளக்க வேண்டும். முன்னேற்றம் போதவில்லை என்றால், பதிவை ரத்து செய்யும்படி பரிந்துரைக்கும் அளவுக்கு அதற்கு அதிகாரம் இருக்கிறது. சரி, அதைக் கூட்டுபவர் யார்? மாணவரின் கைடேதான், அதாவது அவருடைய ஆய்வு வழிகாட்டி. விதியிலேயே அப்படித்தான் இருக்கிறது.

வரலாறோ இலக்கியமோ படிப்பவர், கைடோடு மனத்தாங்கல் வந்தாலும் நூலகத்தில் உட்கார்ந்து தன் வேலையைப் பார்க்கலாம். வேதியியலில் அது நடக்காது. ரசாயனம், கருவி, புராஜெக்ட் பணம் எல்லாம் கைடின் கையில். கருவிக்கு முறை கிடைக்காவிட்டால் ஆய்வு அன்றோடு நின்றுவிடும்.

நான் ஓய்வு பெறுவதற்கு முன் ஒரு கல்லூரியின் டி.சி. மீட்டிங்குக்கு வெளி உறுப்பினராகப் போயிருந்தேன். ஒரு மாணவி போன பருவத்தில் காட்டிய அதே முடிவுகளைத் திரும்பக் காட்டினாள். 'முன்னேற்றம் திருப்தியில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அப்புறம் பேருந்து நிலையத்தில் பார்த்தபோதுதான் சொன்னாள், ஐந்து மாதமாக அவளுக்குக் கருவியே கொடுக்கவில்லையாம். "உள்ளேயே சொல்லியிருக்கலாமே அம்மா" என்றேன். "சார் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாரே" என்றாள். அந்தத் தாளில் என் கையெழுத்தும் இருப்பது இன்றும் உறுத்துகிறது.

மாணவர் குறைதீர் குழு இருக்கிறதே என்று கேட்கலாம். யுஜிசியின் 2023 விதிமுறைப்படி அதில் ஒரு மாணவர் உண்டுதான். ஆனால் அவர் நிர்வாகம் நியமிக்கும் சிறப்பு அழைப்பாளர். கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கைக்குக்கூட (கோரம்) அவரைக் கணக்கில் எடுப்பதில்லை. எல்லா இடமும் இப்படி இல்லை. சென்னை ஐஐடியில் ஆய்வு விவகாரச் செயலாளரை மாணவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். மாநிலப் பல்கலைக்கழகத் துறைகளிலும் ஸ்காலர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஒருவர் துறைக்குழுவில் உட்கார வேண்டும். கருவி நேரத்தைப் பங்கிடுவது, கைடு மாற்றம், பாடத்திட்டம் எல்லாம் பேசப்படும்போது அவருக்கும் வாக்கு இருக்க வேண்டும். தனிப்பட்ட மதிப்பெண், தேர்வு விஷயங்களில் மட்டும் அவர் வெளியே இருக்கலாம். அது மற்ற மாணவர்களின் அந்தரங்கம்.

இன்னொன்று, இதைவிட எளிது. அமெரிக்காவில் பல அறிவியல் துறைகளில் கமிட்டி கூடும்போது கைடு சிறிது நேரம் வெளியே போய்விடுவார். மாணவர் மற்ற உறுப்பினர்களோடு தனியாகப் பேசுவார். பிறகு மாணவர் வெளியே போக, கைடு பேசுவார். கைடுக்கும் இது நல்லதுதான். உழைக்காத மாணவரைப் பற்றி அவரும் மனம்விட்டுச் சொல்லலாம். எல்லா மாணவருக்கும் ஒரே மாதிரி நடப்பதால், 'இவன் மட்டும் ஏன் தனியாகப் பேசினான்' என்ற கேள்வியும் வராது.

இதற்கு யுஜிசி விதி மாறும்வரை காத்திருக்க வேண்டாம். துறைத் தலைவர் மனது வைத்தால் அடுத்த டி.சி. மீட்டிங்கிலேயே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர்,
திருச்சி