பெருவிரல் வலி தீரத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய மருத்துவர் அம்மா அவர்களுக்கும், எங்கள் ஊர் மருந்துக்கடைத் தம்பிக்கும், இரத்தப் பரிசோதனை நிலையத்துச் சகோதரிக்கும், என் அன்பு மகளுக்கும், மூலனூர்ப் பக்கத்து விவசாயி எழுதும் மடல்.

வணக்கம். வலது கால் பெருவிரல் வீங்கிச் சிவந்த இரவுகளில், செருப்பின் வாரைக் கத்தியால் அறுத்துவிட்டு நடந்தவன் நான். வலி வரும்போதெல்லாம் ஒரு கடையில் சீட்டு இல்லாமலே வலி மாத்திரை வாங்கி விழுங்கி மூன்று ஆண்டுகளை ஓட்டினேன். யூரிக் அமிலம் மூட்டில் படிகமாகப் படிந்து வலிக்கும் இந்நோய்க்குக் கவுட் என்ற பெயரே அப்போது எனக்குத் தெரியாது. அம்மா, தாங்கள் முதலில் காட்டச் சொன்னது என் காலை அல்ல, வீட்டிலிருந்த மாத்திரைகள் அத்தனையையும்தான். பையை மேசையில் கவிழ்த்தபோது இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.6 ஆக ஏறியிருந்ததால் அந்த வலி மாத்திரைகள் எனக்கு இனி ஆகாதவை. இரத்த அழுத்தத்துக்கு நான் விழுங்கிவந்த ஹைட்ரோகுளோரோதயசைடு, யூரிக் அமிலத்தை ஏற்றிவிடக்கூடியது. அதை நிறுத்தி லோசார்டானுக்கு மாற்றிய தாங்கள், அதற்கென்று பொட்டாசியத்தையும் பார்க்கச் சொன்னீர்கள்.

யூரிக் அமிலம் அன்று 9.4. அதைக் குறைக்கும் அலோபியூரினாலை 100 மில்லிகிராம் மாத்திரையில் பாதியாகத் தொடங்கி, பரிசோதனை பார்த்துப் பார்த்து மெல்ல உயர்த்தினீர்கள். தோலில் தடிப்போ வாயில் புண்ணோ காய்ச்சலோ கண்டால், ஒரு வேளை கூடக் காத்திராமல் மாத்திரையை நிறுத்திவிட்டு ஓடி வர வேண்டும் என்று என் மகளிடமும் தனியாகச் சொல்லியனுப்பினீர்கள். மூன்றாம் வாரத்தில் விரல் மறுபடி வீங்கியபோது, மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நானாகவே நிறுத்தப் பார்த்தேன். மூட்டில் படிந்த படிகங்கள் கரையத் தொடங்கும்போது வலி வருவதுண்டு, அலோபியூரினாலை விடாதீர்கள் என்று தொலைபேசியில் பொறுமையாக விளக்கினீர்கள். தூர் வாரும்போது வாய்க்கால் கலங்கத்தானே செய்யும் என்று என் மனம் அப்போதுதான் அடங்கியது.

அந்தக் கலக்கத்தைத் தாங்க உடன் தந்த கோல்சிசின் மாத்திரையைப் பற்றி நான் தனியே சொல்லியாக வேண்டும். கம்பிப் பந்தலில் கண்வலிக்கிழங்குக் கொடியேற்றி, காலையில் பூப்பூவாகக் கையால் மகரந்தம் சேர்த்து, விதையை வியாபாரியிடம் எடை போட்டுக் கொடுத்தவன் நான்; அந்த விதை எதற்குப் போகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நான் பயிரிட்ட அந்தக் கண்வலிக்கிழங்கின், அதாவது நமது மாநில மலரான செங்காந்தளின் விதையிலிருந்துதான் கோல்சிசினைப் பிரித்தெடுக்கிறார்கள் என்று தாங்கள் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. கிழங்கை அரைத்துக் குடித்தால் போதுமே என்று ஒருவர் யோசனை சொன்னதைத் தங்களிடம் கூறியபோது, தங்கள் முகம் மாறியதை மறக்கமாட்டேன். அது உயிரைக் குடிக்கும் நஞ்சு; மருந்தாக அளந்து தந்த 0.5 மில்லிகிராமில்கூட, என் சிறுநீரக நிலைக்கு நாளொன்றுக்கு ஒன்றுக்கு மேல் கூடாது, வயிற்றுப்போக்கு கண்டால் உடனே சொல்ல வேண்டும் என்று கண்டித்தீர்கள்.

மருந்துக்கடைத் தம்பி, சளியும் இருமலுமாக இருந்த எனக்கு வேறோர் இடத்தில் எழுதித் தந்த கிளாரித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தின் சீட்டை நீட்டியபோது, நீங்கள் என் சட்டைப்பையிலிருந்த மாத்திரை அட்டையை, நான் சாப்பிடும் மருந்துகள் எழுதியதை, வாங்கிப் பார்த்தீர்கள். கோல்சிசினோடு அதைச் சேர்த்தால் கோல்சிசின் உடலில் தேங்கி ஆபத்தாகிவிடும் என்று சொல்லி, மருத்துவரை அழைத்துப் பேசி வேறு மருந்து கொடுத்தீர்கள். விற்றிருந்தால் உங்களுக்குச் சில ரூபாய் வந்திருக்கும். எனக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

பரிசோதனை நிலையத்துச் சகோதரி, தேதி மறந்த மாதங்களில் நீங்களாகவே அழைத்தீர்கள். யூரிக் அமிலம் 9.4, 7.8, 6.5 என்று இறங்கி, இலக்கான 6-க்குக் கீழே 5.6 என்ற தாளைக் கையில் கொடுத்த அன்று, என்னைவிட நீங்கள்தான் அதிகம் மகிழ்ந்தீர்கள்.

பருப்பை ஒரேயடியாக விடச் சொல்லி வீட்டுக்கு வந்தவரெல்லாம் அறிவுரை சொன்னபோது, ஈரலையும் மத்தி மீனையும் பீரையும்தான் மருத்துவர் தடுத்தார், பருப்பை அல்ல என்று மகள் ஒவ்வொருவருக்கும் சலிக்காமல் விளக்கினாள். மாத்திரைகளின் பெயரும் அளவும் எழுதிய அந்த அட்டையும் அவள் கைவண்ணமே. வேர்வை பட்டு மை கலைந்துபோனதால், சென்ற வாரம் புதிய அட்டை ஒன்று எழுதினேன். கோல்சிசின் நிறுத்தியாகிவிட்டது, அலோபியூரினால் மட்டும் அதில் முதல் வரியாக இருக்கிறது.

நன்றியுடன்,
மூலனூர்ப் பக்கத்து விவசாயி