வேலியிலிருந்து அளக்காதீர்கள்

அன்பு வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

எஸ்டேட் தோட்டத்தை விட்டு வந்து மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மனை வாங்கியவர்கள் எங்கள் வீட்டு பிளான் கடைக்கு வரும்போது கையில் ஒரு தாள் இருக்கும். பிள்ளையின் கணக்கு நோட்டில் கிழித்தது. நான்கு அறை, சாமியறை, பெரிய அடுக்களை, இரண்டு கார் நிற்க போர்ச். மனை முழுக்க வீடுதான். நாங்கள் அறைகளைப் பற்றிக் கேட்கமாட்டோம், கிரானைத்தான், அதாவது நிலப் பத்திரத்தைத்தான் கேட்போம். சிலருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட.

விஷயம் இதுதான்: எல்லைக்கோட்டிலிருந்து வீட்டை உள்ளே தள்ளித்தான் கட்டவேண்டும். நகராண்மைக் கழகத்தில் இதை அஞ்சாக்கான் என்பார்கள். தனி வீட்டுக்கு முன்புறம் 20 அடி, பக்கங்களிலும் பின்னாலும் 10 அடி என்பது பல இடங்களில் கேட்கும் அளவு. 40க்கு 80 அடி மனையில் கழித்துப் பாருங்கள். அகலத்தில் 20 அடி, நீளத்தில் 50 அடி மிஞ்சும். 3,200 சதுர அடி வாங்கினீர்கள், தரைத்தளம் கட்ட 1,000 சதுர அடி! அந்த நான்கு அறைகளில் இரண்டு மாடிக்கு ஏறவேண்டியதுதான்.

இந்த அளவு கழகத்துக்குக் கழகம் மாறும். பெரிய ரோட்டோரம் என்றால் பொதுப்பணி இலாகாவும் தன் பங்குக்குக் கேட்கும். பின்னால் ஆறு ஓடினால் ஆற்று ரிசர்வ் வேறு. 5 முதல் 10 மீட்டர் அகல ஆற்றுக்குக் கரையிலிருந்து 10 மீட்டர் விடவேண்டும் என்பது வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டி அளவு. சுவர் வரை அளப்பார்களா, கூரை விளிம்பு வரையா என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கிருந்து அளப்பது? எல்லைக்கல்லிலிருந்து. வேலி, லோங்கான் (சாக்கடை), பக்கத்து வீட்டு வாழைமரம் எதுவும் கணக்கில்லை. இதில் நாங்களே ஒருமுறை சறுக்கினோம். செம்பருத்தி வேலியை எல்லை என்று நம்பி நூல் பிடித்துவிட்டோம். அப்புறம் உரிமம் பெற்ற நில அளவையாளர் வந்து பார்த்தால், எல்லைக்கல் வேலிக்கு மூன்று அடி உள்ளே புல்லுக்கடியில் கிடக்கிறது. தோண்டிய தூண் குழிகளை மூடி, பிளானைத் திருத்தி, எல்லாம் எங்கள் கைக்காசில். அன்றிலிருந்து கல்லைக் கண்ணால் பார்க்காமல் பென்சில் எடுப்பதில்லை.

தோட்டத்து லயத்து வீட்டில் இடம் போதாதபோது பின்பக்கம் தகரம் இழுத்து அடுக்களை போட்டுக்கொண்டோம், யாரும் எதுவும் கேட்கவில்லை. அதே கையோடு இங்கேயும் இழுக்கிறார்கள். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் கட்டடம் எழுப்ப முடியாது. எல்லையோரம் விடும் அந்த 10 அடியில்தான் காற்றும் வெளிச்சமும் வருகின்றன. பக்கத்து வீடு தீப்பிடித்தால் உங்கள் கூரைக்குத் தாவாமல் இருப்பதும் அதனால்தான். பிளானை மீறிக் கட்டினால் இடிக்கச் சொல்லலாம், குடிபோக வேண்டிய சி.சி.சி. சான்றிதழும் சிக்கலாகும்.

வாஸ்து பார்ப்பவர்கள் கவலைப்படவேண்டாம். வடகிழக்கைக் காலியாக விடச் சொல்கிறீர்கள் அல்லவா? அந்த மூலையில் இன்னும் இரண்டடி சேர்த்து விட்டால் யாரும் தடுக்கப்போவதில்லை.

வரும்போது கிரானின் நகலைக் கொண்டுவாருங்கள். நிலப் பிரிவு 'விவசாயம்' என்று இருந்தால் முதலில் நில அலுவலகத்தில் மாற்றவேண்டும், அந்த வேலையே தனி. மனையில் கற்கள் தெரிகின்றனவா என்று பார்த்து, கைப்பேசியில் படம் எடுத்து வாருங்கள். தெரியவில்லை என்றாலும் சரி, தேடித் தர ஆள் ஏற்பாடு செய்கிறோம். அதுவரை சிமெண்ட்டுக்கு முன்பணம் கட்டாதீர்கள், எங்களிடமும்கூட.

அன்புடன்,
வீட்டு பிளான் கடையினர்,
சுங்கை சிப்புட்