முகவரின் வெற்றியும் வீரரின் கையெழுத்தும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அயர்லாந்தைச் சேர்ந்த விளையாட்டு முகவர்கள் உலக அரங்கில் பெற்றுவரும் வெற்றி பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை இருமுறை படித்தேன். 50 லட்சத்துக்குச் சற்றே கூடுதலான மக்கள் வாழும் நாடு இது. இங்கிருந்து கிளம்பிய சிலர் உலகின் பெரும் வீரர்களுக்காகப் பேசும் இடத்தை அடைந்திருப்பதைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தியதற்கு நன்றி. ஆனால் அந்த வெற்றிக்குப் பேரம் பேசும் சாமர்த்தியமே காரணம் என்று கட்டுரையாளர் முடித்துவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் வடக்கு டப்ளினில் குடியேறி 17 ஆண்டுகள் ஆகின்றன. மகள் ஓடத் தொடங்கிய நாள் முதல் உள்ளூர்த் தடகள மன்றம் ஒன்றில் தன்னார்வலராக நேரம் குறித்து வருகிறேன். அந்த அனுபவத்தில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

தடகளத்தில் பெயர்பெற்ற அயர்லாந்து முகவர்கள் முதலில் ஓட்டக்காரர்கள். லாங்ஃபோர்டைச் சேர்ந்த ரே ஃபிளின், 1982 ஜூலை 7 அன்று ஆஸ்லோவில் நடந்த ஒரு மைல் ஓட்டத்தில் ஸ்டீவ் ஸ்காட், ஜான் வாக்கர் ஆகிய இருவருக்கும் அடுத்ததாக, 3 நிமிடம் 49.77 விநாடியில் வந்து சேர்ந்தார். அன்று 1500 மீட்டர் கோட்டை அவர் கடந்த நேரம், ஆண்ட்ரூ காஸ்கோரன் 2023இல் முறியடிக்கும்வரை நாற்பதாண்டுகளுக்கும் மேலாக அயர்லாந்தின் தேசியச் சாதனையாக நின்றது. ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் 89 முறை ஓடியவர் அவர். அத்தனை ஓட்டங்களுக்கும் ஊர் ஊராகப் போய், போட்டி அமைப்பாளரிடம் இடம் கேட்டு, விடுதிச் செலவை யார் தருவார்கள் என்று காத்திருந்து, கால்வலியை மறைத்துக்கொண்டு கோட்டில் நின்ற ஒருவருக்கு, பிற்காலத்தில் இன்னொரு வீரருக்காக அதே அமைப்பாளரிடம் பேசும்போது எதைக் கேட்க வேண்டும் என்று எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

அவர் படித்தது அமெரிக்காவின் கிழக்கு டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தில். 1974இல் பாஸ்டன் மாரத்தானை வென்ற நீல் குசாக்கும் அங்கிருந்து வந்தவரே. அங்கு ஓடிய அயர்லாந்து மாணவர் கூட்டத்துக்கு ‘ஐரிஷ் பிரிகேட்’ என்றே பெயர். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் தங்கம் வென்ற ரானி டெலனி, அமெரிக்காவின் வில்லனோவா பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் புகழ்பெறச் செய்த வழி அது. உள்நாட்டில் பணமோ வசதியோ இல்லாததால் உதவித்தொகையை நம்பிக் கடல் கடந்த பிள்ளைகளில் ஒருவரான ஃபிளின், படிப்பு முடிந்தும் தம் பல்கலைக்கழகம் இருக்கும் ஜான்சன் சிட்டி நகரிலேயே தங்கி, அங்கிருந்தே முகவர் தொழிலை நடத்துகிறார். பல ஆண்டுகள் நியூயார்க்கின் மில்ரோஸ் தடகளப் போட்டிகளின் இயக்குநராகவும் அவர் இருந்தார். வீரருக்காகப் பேசுபவரும் போட்டியை நடத்துபவரும் ஒருவரே ஆவது தடகளம் போன்ற சிறிய உலகில் நடக்கக்கூடியதுதான்; என்றாலும் அந்த இரட்டைப் பொறுப்பைப் பற்றிக் கட்டுரை ஒரு கேள்வியாவது எழுப்பியிருக்க வேண்டும்.

டொனகல் மாவட்டத்து மில்ஃபோர்டைச் சேர்ந்த ரிக்கி சிம்ஸை உசைன் போல்ட்டின் முகவர் என்று ஒரே வரியில் கட்டுரை கடந்துவிட்டது. அவர் தொழில் பழகிய இடம் லண்டனின் மேற்கே உள்ள டெடிங்டன். அயர்லாந்து ஓட்டக்காரி சோனியா ஓ’சல்லிவனின் முகவராக இருந்த ஆங்கிலேயர் கிம் மெக்டொனால்டு, கென்ய ஓட்டக்காரர்களை அங்கே தங்கவைத்து, பக்கத்திலிருக்கும் புஷி பூங்காவில் பயிற்சி செய்ய வழிசெய்தவர். 2001இல் அவர் திடீரென இறந்தபோது அந்தப் பணியைத் தொடர்ந்தவர்களில் சிம்ஸ் ஒருவர். 2005இல் பிரிட்டனின் இளம் ஓட்டக்காரர் மோ ஃபாரா குடியேறியது கென்யர்கள் வாழ்ந்த அத்தகைய ஒரு வீட்டில்தான். சாப்பாடு, உறக்கம், ஓட்டம் என்று மட்டுமே நாளைக் கழிப்பவர்களோடு ஒரே கூரையின் கீழ் இருந்தபோதுதான் தான் எவ்வளவு மெத்தனமாக இருந்தோம் என்று உணர்ந்ததாக ஃபாராவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். லண்டன் ஒலிம்பிக்கிலும் ரியோ ஒலிம்பிக்கிலும் 5000, 10,000 மீட்டர் இரண்டிலும் அவர் தங்கம் வென்றதன் பின்னால் அந்த வீட்டுக்கும் பங்கு உண்டு. ஒரு முகவரின் வேலை எங்கே தொடங்குகிறது என்று என்னைக் கேட்டால், யாரை யாரோடு தங்கவைப்பது என்பதில் தொடங்குகிறது என்பேன்.

பணத்தின் பக்கமும் கட்டுரை காட்டியதைவிட நுட்பமானது. 2010இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த டயமண்ட் லீக் தடகளத் தொடர் போட்டிக்குப் போல்ட் வரவில்லை. காரணம் காயமன்று, வரி. வெளிநாட்டு வீரர் பிரிட்டனில் ஒரு நாள் ஓடினாலும், அங்கே பெறும் பங்கேற்புத் தொகைக்கு மட்டுமன்றி, உலகெங்கும் அவருக்கு விளம்பரங்களால் வரும் வருமானத்தின் ஒரு பங்குக்கும் அந்நாட்டு அரசு வரி கேட்கும். ஆண்டுக்குச் சில போட்டிகளே ஓடும் வீரருக்கு அந்தப் பங்கு பெரிதாகி, ஓடிப் பெறும் தொகையையும் விழுங்கிவிடும். 2012 ஒலிம்பிக்குக்கும் அடுத்த ஆண்டு நடந்த அதன் ஆண்டு நிறைவுப் போட்டிக்கும் அரசு விலக்கு அளித்த பிறகே போல்ட் மீண்டும் லண்டனில் ஓடினார். எந்த ஊரில் ஓடுவது, எந்த ஊரைத் தவிர்ப்பது, உடல் தாங்கும் எண்ணிக்கை எத்தனை என்பனவற்றை ஒன்றாக வைத்துக் கணக்கிடத் தெரிந்தவரையே நல்ல முகவர் என்று சொல்ல வேண்டும். காலணி நிறுவனத்திடம் பெரிய தொகை வாங்குவது அதில் ஒரு பகுதி மட்டுமே.

மற்ற விளையாட்டுகளிலும் இதே பாங்கைக் காணலாம். ரக்பி முகவர் நயல் வுட்ஸ், அயர்லாந்து அணிக்காக ஆடியவர். முகவராவதற்கு முன் வீரர் சங்கத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். குத்துச்சண்டை வீராங்கனை கேட்டி டெய்லரின் மேலாளர், மீத் மாவட்டத்துக்காரரான பிரையன் பீட்டர்ஸ், 2022 ஏப்ரல் 30 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முதன்முறையாக இரு பெண்கள் முதன்மை மோதலில் இறங்கிய இரவுவரை அவரோடு வந்திருக்கிறார்.

கட்டுரை முற்றிலும் விட்டுவிட்ட ஒன்று, எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமானதாகத் தோன்றுகிறது. கோல்ஃப் வீரர் ரோரி மெக்கில்ராய், 2011இல் டப்ளினைச் சேர்ந்த ஹொரைசன் என்ற முகவர் நிறுவனத்திடம் சேர்ந்தார்; 2013இல் விலகினார்; வழக்கு டப்ளின் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தனி வழக்கறிஞரின் ஆலோசனை இல்லாமல், 22 வயதில், அந்த நிறுவனத்தின் கிறிஸ்துமஸ் விருந்து நாளில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதாகவும், அதன் நிபந்தனைகள் நியாயமற்றவை என்றும் அவர் தரப்பு வாதிட்டது. நிறுவனம் அதை மறுத்தது. 2015 பிப்ரவரியில் விசாரணை தொடங்க இருந்த தறுவாயில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. யார் சொன்னது சரி என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லவில்லை. நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் அமெரிக்க ஓப்பன் வென்ற ஒருவருக்கே கையெழுத்திட்ட நாளைப் பற்றி நீதிமன்றம்வரை போக நேர்ந்தது என்றால், எங்கள் மன்றத்துப் பிள்ளைகளின் கதி என்ன என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நினைப்பதற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு எங்கள் மன்றத்து 19 வயதுப் பெண் ஒருத்தியின் தாயார், முகவர் ஒருவர் அனுப்பிய பதினொரு பக்க ஒப்பந்தத்தை எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் கொண்டுவந்து வைத்தார். பரிசுப் பணத்திலும் விளம்பரத்திலும் 15 விழுக்காடு என்பது தடகளத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் அளவுதான். ஒன்பதாம் பக்கத்தில், ஒப்பந்தம் முடிந்த பின்னும் இரண்டு ஆண்டுகளுக்கு எல்லா வருமானத்திலும் அதே பங்கு தொடரும் என்று ஒரு வரி இருந்தது. அந்த முகவர் கொண்டுவராத வருமானத்துக்கும் அது பொருந்தும். பெண்ணுக்கு அந்த வரி புரிந்திருக்கவில்லை. பேனா ஏற்கெனவே அவள் கையில் இருந்தது.

கால்பந்தில் ஃபிஃபா 2023 அக்டோபர் முதல் நடைமுறைப்படுத்திய முகவர் விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. ஒப்பந்தம் செய்யும் முன், தனி வழக்கறிஞரைக் கலந்துகொள்வதைப் பரிசீலிக்குமாறு முகவரே வீரருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கலந்துகொண்டாரா, வேண்டாமென்று முடிவுசெய்தாரா என்பதை வீரரிடமிருந்து எழுத்தில் பெறவும் வேண்டும். வீரருடனான ஒப்பந்தம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் போகவும் கூடாது. முகவர்களுக்குத் தேர்வும் உண்டு: 2023 ஏப்ரலில் நடந்த முதல் தேர்வை எழுதிய 3,800 பேரில் 1,962 பேரே தேறினர். தேர்வு முகவரின் அறிவைச் சோதிக்கும்; பெண்ணின் கையிலிருக்கும் பேனாவைச் சற்று நேரம் கீழே வைக்கச் சொல்வது அந்த எழுத்துமூல அறிவிப்புதான். அயர்லாந்தின் பெயரை உயர்த்திய முகவர்கள், விதி வரும்வரை காத்திராமல், எல்லா விளையாட்டுகளிலும் தாமாகவே இதை வழக்கமாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தங்கள் இதழும் அடுத்த கட்டுரையில் முகவர்களோடு, அவர்களிடம் முதன்முதலாகக் கையெழுத்திட்ட வீரர்களையும் பேசவைக்க வேண்டும்.

அந்தப் பெண்ணின் ஒப்பந்தத்தை மன்றத்துப் பெற்றோரில் ஒருவரான வழக்கறிஞர் படித்துப் பார்த்து, ஒன்பதாம் பக்க வரியை நீக்கித் திருப்பி அனுப்பினார். மறுப்பேதும் சொல்லாமல் மறுநாளே முகவர் ஒப்புக்கொண்டார். கேட்டிருந்தால் முதல் நாளே நீக்கியிருப்பார் போலும். அவள் இப்போது சான்ட்ரியின் மோர்ட்டன் அரங்கில் செவ்வாய்தோறும் ஓடுகிறாள். நான் நேரம் குறிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
வடக்கு டப்ளின், அயர்லாந்து