எட்டு–பன்னிரண்டு வாட்ச்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. கப்பலில் எட்டு மணி முதல் பன்னிரண்டு வரை வாட்ச், அதாவது காவல், நிற்கும் நீ எழுதிய மெயில் கிடைத்தது. அடுத்த வாயேஜ் மாண்ட்ரியல், அதுவும் ஏப்ரலில் என்றதும் அம்மா ஸ்வெட்டரைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்துவிட்டாள். எனக்கு நியூஃபவுண்ட்லாந்துக்குப் பக்கத்துக் கடலான கிராண்ட் பேங்க்ஸ் ஞாபகம் வந்தது. கிரீன்லாந்தின் மேற்குக் கரையில் உடைந்து விழும் பனிப்பாறைகள் பாஃபின் விரிகுடாவைச் சுற்றி, லாப்ரடார் நீரோட்டத்தோடு இறங்கி, ஒன்றிரண்டு வருடம் கழித்து நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே வந்து சேரும் பருவம் அது. அங்கே கல்ஃப் ஸ்ட்ரீமின் வெதுவெதுப்பு எதிர்ப்படும். அதனால் மூடுபனி வேறு.

டிரெயினிங்கில் காட்டிய பனிப்பாறைப் படத்தைப் பற்றி எழுதியிருந்தாய். மேலே சின்ன முக்கோணம், அது விபத்து. கீழே பெரிய மலை, அது யாரும் ரிப்போர்ட் செய்யாமல் விட்ட சின்னச் சின்னத் தவறுகள். இப்போது எல்லா வகுப்பிலும் அந்தப் படம்தான். எனக்கு அதில் ஒரு சண்டை உண்டு. முதலில், எந்தப் பாறையும் அப்படிச் செங்குத்தாக நிற்காது. நீளமாக இருந்தால் கிடந்துதான் மிதக்கும், கரையக் கரையப் புரளும். பத்தில் ஒன்பது பங்கு தண்ணீருக்குள் என்பது ஏறக்குறைய சரி, அதை விட்டுவிடலாம். என் சண்டை வேறு. ஒளிந்திருப்பதுதான் ஆபத்து, மேலே தெரிவது எப்போதும் ஒரு அடையாளம் கொடுக்கும் என்று அந்தப் படம் சொல்கிறது. கடலில் இரண்டுமே அப்படி இல்லை.

பெரிய பனிப்பாறை ராடாரில் பெரும்பாலும் மாட்டிவிடும். நீ பயப்பட வேண்டியது குரோலர் என்ற சின்னப் பனித்துண்டுக்கு. நீர்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர்கூட இருக்காது. ஆனால் ஒரு லாரி அளவு கட்டி, கல் மாதிரி இறுகிய பழைய பனி. வெள்ளையாகக்கூட இருக்காது, சில சமயம் கண்ணாடி போல, சில சமயம் கறுத்துத் தெரியும். இரும்புக் கப்பலோடு ஒப்பிட்டால் பனிக்கட்டி ராடாருக்குத் திருப்பித் தரும் எதிரொலி மிகக் குறைவு. கொஞ்சம் அலை இருந்தால் போதும், அலையின் புள்ளிகளுக்குள் அது கலந்துவிடும். திரை சுத்தமாக இருக்கட்டும் என்று அலைப் புள்ளிகளை அழிக்கும் ஸீ கிளட்டர் குமிழை அதிகமாகத் திருகினால் குரோலரும் சேர்ந்து அழிந்துபோகும். சுத்தமான திரையைப் பார்த்து நிம்மதி அடையாதே.

அப்புறம், ஒளிந்திருப்பது பற்றி. 1912 ஏப்ரல் 14 இரவு டைட்டானிக்கிடம் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. பகல் முழுக்கப் பனி எச்சரிக்கைகள் வந்தன. இரவு 9.40-க்கு மெஸாபா என்ற கப்பல் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் போட்டு, இந்தக் கட்டத்துக்குள் பெரிய பாறைகள் என்று அனுப்பியது. டைட்டானிக் போய் மோதியது அந்தக் கட்டத்துக்குள்தான். அந்தச் செய்தி பிரிட்ஜுக்கு, அதாவது கப்பலை ஓட்டும் அறைக்கு, போகவே இல்லை. ரேடியோ அறையில் ஜாக் பிலிப்ஸ், 25 வயது. முந்தின நாள் கருவி பழுதாகி, பயணிகளின் தந்திகள் குவிந்து கிடந்தன. அவற்றை நியூஃபவுண்ட்லாந்துக் கரையிலிருந்த கேப் ரேஸ் ரேடியோ நிலையத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பதினோரு மணி சுமாருக்குப் பக்கத்தில் நின்ற கலிஃபோர்னியன் கப்பலின் ஆபரேட்டர் எவன்ஸ், நாங்கள் பனிக்கு நடுவே நிற்கிறோம் என்று, கேப்டனின் செய்தி என்பதற்கான குறி எதுவும் போடாமல் அரட்டை போல ஆரம்பித்தார். வாயை மூடு, வேலையாக இருக்கிறேன் என்று பிலிப்ஸ் வெட்டிவிட்டார். காதில் இடி போல விழுந்திருக்கும், அவ்வளவு பக்கத்துக் கப்பல். நானும் ரேடியோ ஆபீசராக இருந்தவன். பிலிப்ஸைத் திட்ட எனக்கு மனம் வராது. சம்பளம் அவருக்கு மார்க்கோனி கம்பெனியிலிருந்து வந்தது, கம்பெனிக்குக் காசு பயணிகளின் தந்தியிலிருந்து. கிட்டத்தட்ட கடைசிவரை கருவியை விடாமல் உதவி கேட்டு, அந்த இரவிலேயே இறந்தும் போனார்.

பிரிட்ஜில் இருந்தவர்களுக்கும் தெரியும். ஒன்பது மணிக்கு மேல் கேப்டன் ஸ்மித்தும் செகண்ட் ஆபீசர் லைட்டோலரும் அதையேதான் பேசினார்கள். நிலா இல்லை, காற்று இல்லை, கடல் தட்டையாகக் கிடக்கிறது. பாறையின் அடியில் அலை மோதி வெள்ளைக் கோடு தெரியாது, கண்டுபிடிப்பது கஷ்டம் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் உடனே என்னைக் கூப்பிடு என்று சொல்லிவிட்டுக் கேப்டன் உள்ளே போனார். லைட்டோலர் விசாரணையில் சொன்னது இது. வேகம் குறையவில்லை. 22 நாட் (மணிக்கு 22 கடல் மைல்) பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். வானம் அவ்வளவு தெளிவு, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 11.40-க்கு மோதியது. உனக்கு அது வாட்ச் முடிய இருபது நிமிடம் இருக்கும் நேரம்.

ஆனால் நீ நினைத்துப் பார்க்க வேண்டிய கப்பல் டைட்டானிக் இல்லை, கலிஃபோர்னியன். அதன் கேப்டன் லார்ட் பனியைப் பார்த்ததும் 10.21-க்கே நிறுத்திவிட்டார். அந்த விஷயத்தில் நல்ல மாலுமி. எட்டு–பன்னிரண்டு வாட்சில் நின்றது தர்ட் ஆபீசர் க்ரோவ்ஸ், 24 வயது. தூரத்தில் ஒரு பெரிய பயணிகள் கப்பலின் விளக்கைப் பார்த்துக் கேப்டனிடம் சொன்னார். வாட்ச் முடிந்து எவன்ஸின் அறைக்குப் போனார். எவன்ஸ் படுத்துவிட்டார். க்ரோவ்ஸுக்கு ரேடியோவில் ஆசை உண்டு, ஹெட்போனை மாட்டிக் கேட்டார். சத்தமே இல்லை. அந்தக் கருவிக்குச் சாவி கொடுக்க வேண்டும், அது அவருக்குத் தெரியாது. அந்த நேரத்தில்தான் டைட்டானிக் உதவிக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த வாட்சில் செகண்ட் ஆபீசர் ஸ்டோன், டைட்டானிக் உதவி கேட்டு விட்ட எட்டு வெள்ளை ராக்கெட்டுகளைப் பார்த்தார். குழாய் வழியாகக் கேப்டனிடம் சொன்னார். ஏதாவது கம்பெனியின் கப்பல் தன்னை அடையாளம் காட்டும் சிக்னலா என்று கேட்டார் கேப்டன். தெரியவில்லை, வெள்ளையாக இருக்கிறது என்றார் ஸ்டோன். மோர்ஸ் விளக்கில் கூப்பிட்டுக்கொண்டே இரு என்றார் கேப்டன். அதே கப்பலில் தூங்கிய எவன்ஸை ஒருவரும் தட்டி எழுப்பவில்லை. விடிந்தபிறகு எழுப்பினார்கள். இரண்டு கப்பலுக்கும் நடுவே எத்தனை மைல் என்று இன்றும் வாதம் நடக்கிறது. எத்தனை மைலாகவும் இருக்கட்டும், ஒரு ஆளை எழுப்பத் தயங்கியது தயங்கியதுதான்.

எங்கள் வேலையே அந்த இரவில் பிறந்தது என்று சொல்லலாம். அதன் பிறகுதான் 24 மணி நேர ரேடியோ காவல் வந்தது. ரேடியோ அறைக் கடிகாரத்தில் மணிக்கு இருமுறை மூன்று நிமிடம் சிவப்புப் பட்டை இருக்கும், அப்போது எல்லோரும் வாயை மூடிக்கொண்டு 500 கிலோஹெர்ட்ஸில் காது கொடுக்க வேண்டும். 1914-இல் லண்டனில் எழுதிய உடன்படிக்கையில், வழியில் பனி என்று செய்தி வந்தால் இரவில் வேகத்தைக் குறை அல்லது விலகிப் போ என்று கேப்டன்களைக் கட்டுப்படுத்தினார்கள். பனிப்பாறைகளைக் கண்காணிக்கும் பனி ரோந்தும் அதன் வழியே வந்ததுதான். 1999 பிப்ரவரியோடு சாட்டிலைட் முறை முழுதாக வந்து எங்கள் கூட்டமே கப்பலிலிருந்து இறங்கிவிட்டது. இப்போது செய்தி உன் பக்கத்திலேயே பிரிண்டாகி விழும். எச்சரிக்கைகளை அச்சிடும் நவ்டெக்ஸ் கருவியின் தாளைக் கிழித்து ஃபைலில் போடாதே. எடுத்து சார்ட்டில், கடல் வரைபடத்தில், குறி. 1959 ஜனவரியில் ஹான்ஸ் ஹெட்டாஃப்ட் என்ற டேனிஷ் கப்பல், புத்தம் புதுசு, முதல் பயணத்தில் ஊர் திரும்பும்போது கிரீன்லாந்தின் தென்முனை அருகே பனிப்பாறையில் மோதி 95 பேரோடு போனது. பிறகு கிடைத்தது ஒரு லைஃப்பாய், அதாவது உயிர்காக்கும் மிதவை வளையம், மட்டும்.

உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்று உண்டு பாப்பா. பெரியவர்கள் தூங்கினால் நீ செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பாய். நாங்கள்தான் அப்படி வளர்த்தோம். வீட்டில் அது நல்ல பழக்கம். பிரிட்ஜில் வேண்டாம். போன மெயிலில் ‘கேப்டன் கொஞ்சம் கோபக்காரர், சும்மா கூப்பிட்டால் முகம் சுளிப்பார்’ என்று எழுதியிருந்தாய். சுளிக்கட்டும். மூடுபனியா, கூப்பிடு. திரையில் ஒரு புள்ளி வந்து மறைகிறதா, கூப்பிடு. காரணம் சொல்லத் தெரியாமல் ஏதோ சரியில்லை என்று படுகிறதா, அப்போதும் கூப்பிடு. வந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லையே என்று திட்டிவிட்டுப் போனால் நல்லதுதான். திட்டு வாங்கியதை லாக்கில் எழுத வேண்டாம், எனக்கு எழுது.

பதில் எழுதும்போது இரண்டு விஷயம் சொல். நைட் ஆர்டர் புத்தகத்தில் கேப்டன் பனியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார், எத்தனை மைல் தெரிவுநிலைக்குக் கீழே போனால் கூப்பிடச் சொல்லியிருக்கிறார்? எண் போடாமல் சும்மா ‘தேவைப்பட்டால்’ என்று எழுதியிருந்தால், மரியாதையாகப் போய், எத்தனை மைல் சார் என்று கேள். இரண்டாவது அம்மாவின் கேள்வி. உள்ளே போடும் கம்பளி உடை கப்பலிலேயே கொடுப்பார்களா, இல்லை நாங்கள் வாங்கி அனுப்ப வேண்டுமா?

அன்புடன்,
அப்பா