சில்லுமூக்கு உடைந்தால் பதறாதே

அன்புள்ள மகளுக்கு,

பேரனுக்குச் சில்லுமூக்கு உடைந்து, மூக்கிலிருந்து வந்து தலையணை உறையெல்லாம் ரத்தம் என்று நீ போனில் சொன்னதிலிருந்து என் நினைப்பெல்லாம் அங்கேதான். எந்தத் தாய்க்கும் கை கால் ஓடாதுதான். ஆனால் கொஞ்சம் ரத்தம் வந்தாலும் துணியில் பரவினால் குடம் கணக்காகத் தெரியும். சில்லுமூக்கு உடைவது சின்னப் பிள்ளைகளுக்குச் சகஜம். பெரும்பாலும் வீட்டிலேயே நிறுத்திவிடலாம்.

தலையை அண்ணாந்து பிடித்ததாகச் சொன்னாய். அது மட்டும் வேண்டாம் கண்ணு. அண்ணாந்தால் ரத்தம் நிற்காது, தொண்டைக்குள் இறங்கும். புரையேறும், வயிற்றுக்குப் போனால் குமட்டி வாந்தி எடுப்பான். நிமிர்த்தி உட்காரவைத்து, தலையை மட்டும் லேசாக முன்னால் சாய்க்கச் சொல். மூக்கில் எலும்பு முடிந்து மெத்தென்று இருக்குமே, அந்த இடத்தை இரண்டு பக்கமும் சேர்த்துக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்திப் பிடி. மேலே எலும்பைப் பிடித்தால் பயனில்லை. வாயால் மூச்சு விடட்டும், வாய்க்கு வரும் ரத்தத்தைத் துப்பட்டும்.

கடிகாரத்தைப் பார்த்து முழுசாக 10 நிமிடம் பிடி. எல்லாரும் கோட்டை விடுவது இங்கேதான். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒரு தடவை விரலை எடுத்துப் பார்த்தால், உறைய ஆரம்பித்தது பிய்ந்து மறுபடி கொட்டும். குழந்தைக்கு 10 நிமிடம் ரொம்ப நேரம், அதனால் ஏதாவது கதை சொல்லிக்கொண்டே பிடி. நிற்கவில்லையா, இன்னும் 10 நிமிடம் பிடி. பஞ்சைத் திணிக்காதே, எடுக்கும்போது புண்ணையும் கிளறிவிடும்.

மூக்கின் நடுச்சுவரில் முன்பக்கமாக மெல்லிய ரத்தக் குழாய்கள் நிறைய வந்து கூடுகின்றன. காற்று வறண்டால் அங்கே தோல் காய்ந்து பொருக்குத் தட்டும். அவன் விரல் சும்மா இருக்குமா? ஏசியோ ஹீட்டரோ ஓடும் அறையில் படுத்தால் கேட்கவே வேண்டாம். மூக்கில் சலைன் (உப்புத் தண்ணீர்) சொட்டு மருந்து விட்டு ஈரமாக வைத்திரு. படுக்கும் முன் மூக்கின் நுழைவில் வாசலினை மெலிதாகத் தடவு, ஆழமாக வேண்டாம். நகத்தை ஒட்ட வெட்டு. அலர்ஜிக்கு ஸ்பிரே அடிப்பதாக இருந்தால், நுனியை நடுச்சுவர் பக்கம் திருப்பாமல் வெளிப்பக்கமாகச் சாய்த்து அடி. ரத்தம் நின்ற பிறகு ஒரு நாளாவது மூக்கைப் பலமாகச் சிந்த விடாதே.

சரி, எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்? 20 நிமிடம் அழுத்தியும் நிற்காவிட்டால், விழுந்து தலையிலோ முகத்திலோ அடிபட்டு வந்தால், பிள்ளை வெளுத்து மயக்கமாக இருந்தால் தாமதிக்காதே. ஒரே பக்கம் நாற்றத்தோடு சளியும் ரத்தமும் வந்தால் உள்ளே எதையாவது திணித்து வைத்திருக்கலாம், நீயாகத் தோண்டாமல் டாக்டரிடம் காட்டு. ஈறிலும் ரத்தம் கசிகிறது, அடிபடாமலே உடம்பில் கன்றிப்போகிறது என்றால் ரத்தப் பரிசோதனை கேள். உன் அப்பா போல ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் சீக்கிரமே டாக்டரைப் பார்ப்பது நல்லது. அதற்காக மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக் கூடாது.

இனி வரும்போதெல்லாம் தேதி, எந்தப் பக்கம், எத்தனை நிமிடத்தில் நின்றது என்று ஒரு நோட்டில் எழுதி வை. அடிக்கடி வந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போகும்போது அதையும் கொண்டுபோ.

அன்புடன்,
அம்மா